சிஏ இல்லாத ஃப்ரீஐபிஏ: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது

ஃப்ரீஐபிஏ (சுருக்கமாக ஐபிஏ) என்பது லினக்ஸ் கணினிகளின் பயனர் கணக்குகளையும் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள். அதை நிறுவும்போது டாக்டேக் என்ற சான்றிதழ் ஆணையத்தை (சிஏ) உள்ளேயே சேர்த்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு, வெளியே பெற்ற சான்றிதழ்களைக் கொடுத்தும் ஓட்டலாம். இந்த இரண்டாவது வகையைச் சிஏ-இல்லா நிறுவல் என்று சொல்கிறோம். நிறுவனத்தில் ஏற்கெனவே ஒரு சிஏ இருக்கும், இன்னொன்றை வைக்கப் பாதுகாப்புக் குழு சம்மதிக்காது. பெரும்பாலும் இதுதான் காரணம். பிரவுசர்கள் ஏற்கெனவே நம்பும் பொதுச் சிஏவின் சான்றிதழே போதும் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு.

டாக்டேக் இருக்கும் சர்வரில் செர்ட்மாங்கர் என்ற சேவை ஒவ்வொரு சான்றிதழையும் கண்காணித்து, காலாவதி நெருங்கும்போது தானே புதுப்பித்துவிடும். சிஏ இல்லாத சர்வரில் அந்த வேலை முழுவதும் நிர்வாகியின் தலையில் விழுகிறது. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவைதான். கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்துக்களையே பயன்படுத்துங்கள்.

உங்கள் சர்வர் எந்த வகை என்று தெரியவில்லையா? ஐபிஏசிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டுங்கள். வரும் பட்டியலில் பிகேஐ-டாம்கேட்டிடி என்ற வரி இல்லையென்றால் அந்த சர்வரில் சிஏ இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருந்தால் எல்லாவற்றிலும் பாருங்கள். சிஏ ஒரே ஒரு சர்வரில் மட்டும் இருக்கவும் கூடும்.

எது எங்கே இருக்கிறது என்பதையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த 4.7 பதிப்பு முதல், வெப் சர்வரான அப்பாச்சியின் சான்றிதழ் /வார்/லிப்/ஐபிஏ/செர்ட்ஸ்/எச்டிடிபிடி.சிஆர்டி என்ற கோப்பில் இருக்கிறது. பயனர் தகவல்களை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரின் சான்றிதழ் /எட்சி/டிர்எஸ்ஆர்வி அடைவுக்குள், உங்கள் ரெல்ம் (கெர்பரோஸ் டொமைன்) பெயரோடு இருக்கும் என்எஸ்எஸ் என்ற சான்றிதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறது. லாகினுக்கான கெர்பரோஸ் டிக்கெட்டுகளை வழங்கும் கேடிசியின் சான்றிதழ் /வார்/கெர்பரோஸ்/கேஆர்பி5கேடிசி/கேடிசி.சிஆர்டி. எந்தச் சிஏக்களை நம்ப வேண்டும் என்ற பட்டியலின் மூலப்பிரதி எல்டேப்புக்குள், அதாவது டைரக்டரி சர்வரின் தரவுக்குள், இருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் உள்ள /எட்சி/ஐபிஏ/சிஏ.சிஆர்டி அதன் நகல். மூலப்பிரதி மாறினாலும் நகல் தானாக மாறாது. இதை மறந்தால் கீழே உள்ள பல அறிகுறிகள் புரியாமலே போகும்.

அறிகுறி: நிறுவல் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது

அப்பாச்சிக்கும் டைரக்டரி சர்வருக்கும் சான்றிதழ்க் கோப்புகளைக் கொடுத்தீர்கள். உடனே, தேவையான விருப்பங்கள் எல்லாம் சேர்ந்து வரவில்லை என்று நிறுவி மறுக்கிறது. விடுபட்டிருப்பது பிகேஇனிட், அதாவது சான்றிதழை வைத்துக் கெர்பரோஸ் டிக்கெட் வாங்கும் முறை. எச்டிடிபி (அப்பாச்சி), டிர்எஸ்ஆர்வி (டைரக்டரி சர்வர்) இரண்டுக்கும் சான்றிதழ் கொடுத்தால் மூன்றாவதாகக் கேடிசிக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நோ-பிகேஇனிட் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொதுச் சிஏவின் சான்றிதழை வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் உண்டு. கேடிசி சான்றிதழில் 1.3.6.1.5.2.3.5 என்ற தனிப்பட்ட பயன்பாட்டுக் குறியீடும், கேஆர்பிடிஜிடி என்று தொடங்கும் கெர்பரோஸ் பெயரும் இருந்தாக வேண்டும். 2006-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4556 என்ற இணையத் தரநிலை அப்படித்தான் வரையறுக்கிறது. பொதுச் சிஏ எதுவும் அப்படி ஒரு சான்றிதழை வழங்காது.

முழுச் சான்றிதழ்ச் சங்கிலி கோப்பில் இல்லை என்று நிறுவி சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். சர்வர் சான்றிதழ், அதற்குக் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழ், அதற்கும் மேலே உள்ள வேர்ச் சான்றிதழ் மூன்றும் அதற்கு வேண்டும். சிஏக்கள் அனுப்பும் தொகுப்பில் வேர் பெரும்பாலும் இருக்காது. வெப் சர்வருக்கு அது தேவைப்படாது என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஐபிஏவோ தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே கட்டுவதால் வேர்வரைக்கும் கேட்கிறது. வேரைத் தனியாகத் தரவிறக்கி, சிஏ-செர்ட்-ஃபைல் விருப்பத்தில் கொடுங்கள். அந்த விருப்பத்தை ஒரே கட்டளையில் பலமுறை பயன்படுத்தலாம்.

அப்பாச்சி சான்றிதழும் டைரக்டரி சர்வர் சான்றிதழும் ஒரே சிஏ கையொப்பமிட்டவை அல்ல என்ற பிழையும் வரும். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் வாங்கியவர்களுக்கு, குறிப்பாக லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசப் பொதுச் சிஏவைப் பயன்படுத்துபவர்களுக்கு, இது அடிக்கடி வரும். 2024 முதல் அவர்கள் ஒரே சமயத்தில் பல இடைநிலைச் சிஏக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதனால் இன்று வாங்கியது ஓர் இடைநிலையின் கையொப்பத்தோடும், நாளை வாங்குவது இன்னொன்றின் கையொப்பத்தோடும் வரலாம். எளிய தீர்வு: ஒரே சான்றிதழை இரண்டு சேவைகளுக்கும் கொடுங்கள். இரண்டும் ஒரே கணினியில், ஒரே பெயரில்தான் ஓடுகின்றன, அதனால் இதில் தவறு எதுவும் இல்லை.

சர்வரின் பெயருக்குச் சான்றிதழ் செல்லாது என்றால், மாற்றுப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஹோஸ்ட்நேம் -எஃப் கட்டளை காட்டும் முழுப் பெயர் எழுத்துக்கு எழுத்து அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பொதுப்பெயர்ப் புலத்தில் மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பழைய முறையைக் கைவிடும்படி 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2818-ஏ சொல்லிவிட்டது.

உள் சிஏவை ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு கையால் உருவாக்கியவர்கள் இன்னொரு சுவரில் முட்டுவார்கள். சிஏ சான்றிதழே செல்லாது என்று நிறுவி சொல்லும். அது ஒரு சிஏ என்று அறிவிக்கும் அடிப்படைக் கட்டுப்பாட்டு நீட்சி இல்லாமல் இருக்கலாம். அல்லது சாவி அடையாள நீட்சி விடுபட்டிருக்கலாம். இரண்டையும் நிறுவி சரிபார்க்கிறது. இதற்குக் குறுக்குவழி கிடையாது, சரியான நீட்சிகளோடு சிஏ சான்றிதழை மறுபடி உருவாக்க வேண்டும்.

சான்றிதழையும் சாவியையும் ஒன்றாக அடக்கிய பிகேசிஎஸ் 12 கோப்பைத் திறக்க முடியவில்லை, ஆனால் பாஸ்வேர்ட் சரிதான் என்று உறுதியாகத் தெரிகிறதா? கோப்பு பழைய கணினியில் உருவானதா என்று பாருங்கள். 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3, பழைய ஆர்சி2 குறியாக்கத்தை இயல்பாக ஏற்பதில்லை. லெகசி விருப்பத்தோடு ஒருமுறை திறந்து, புதிய குறியாக்கத்தில் மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். இன்னும் நல்லது, பிகேசிஎஸ் 12-ஐயே விட்டுவிட்டுச் சான்றிதழையும் சாவியையும் பெம் என்ற உரை வடிவில் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுப்பது. நிறுவி அதையும் ஏற்கும், நம் கண்ணால் திறந்து பார்க்கவும் எளிது.

அறிகுறி: பிரவுசர் எச்சரிக்கையே காட்டவில்லை, ஆனால் ஐபிஏ கட்டளைகள் சான்றிதழ்ப் பிழை தருகின்றன

பலரைத் திசைதிருப்பும் அறிகுறி இது. வெப் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது, ஆகவே சான்றிதழில் குறையில்லை என்று முடிவு கட்டிவிட்டு டிஎன்எஸ்ஸையும் ஃபயர்வாலையும் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

பிரவுசரின் தீர்ப்பை இங்கே சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அதனிடம் தனியாக ஒரு வேர்ப் பட்டியல் இருக்கிறது. சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பாவிட்டாலும் குரோம் அதை இணையத்திலிருந்து தேடி எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் முன்பே அறிந்த இடைநிலைகளைச் சேமித்து வைத்திருக்கும். ஐபிஏ கட்டளையோ /எட்சி/ஐபிஏ/சிஏ.சிஆர்டி கோப்பை மட்டும்தான் பார்க்கிறது. அதில் சரியான வேர் இல்லையென்றால் உலகமே நம்பும் சான்றிதழையும் அது மறுத்துவிடும்.

ஆகவே அதே கோப்பை வைத்தே சோதியுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கட்டளையில் சிஏஃபைல் விருப்பத்துக்கு அந்தக் கோப்பைக் கொடுத்து, சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கும் பிறகு 636-ஆம் போர்ட்டுக்கும் இணையுங்கள். ஷோசெர்ட்ஸ் விருப்பத்தையும் சேர்த்தால் சர்வர் அனுப்பும் சங்கிலி முழுதும் தெரியும். முடிவில் வரும் சரிபார்ப்புக் குறியீடு 0 என்றால் சங்கிலி சரி. 20 என்றால் வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை. 21 என்றால் சர்வர் தன் ஒற்றைச் சான்றிதழை மட்டும் அனுப்புகிறது, மேலே ஏற வழியில்லை. 10 என்றால் காலாவதி. இரண்டு போர்ட்களையும் பார்ப்பது முக்கியம். அப்பாச்சியில் புதிய சான்றிதழைப் போட்டுவிட்டு டைரக்டரி சர்வரை மறந்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு.

குறை ஒரு கிளையன்டில் (ஐபிஏவில் சேர்ந்த கணினியில்) மட்டும் என்றால், மூலப்பிரதியிலிருந்து நகலைப் புதுப்பிக்கும் ஐபிஏ-செர்ட்அப்டேட் கட்டளையை அங்கே ஓட்டினால் தீர்ந்துவிடக்கூடும். எல்லாக் கணினிகளிலும் என்றால் மூலப்பிரதியிலேயே வேர் இல்லை. ஐபிஏ-சிஏசெர்ட்-மேனேஜ் லிஸ்ட் கட்டளை, எல்டேப்பில் எந்தச் சிஏக்கள் இருக்கின்றன என்று காட்டும்.

முன்பு வேறு ஐபிஏ டொமைனில் இருந்த கணினியைப் புதிதாகச் சேர்க்கும்போது மட்டும் இந்தப் பிழை வந்தால், பழைய சிஏ.சிஆர்டி கோப்பு மிச்சமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி சேருங்கள்.

அறிகுறி: பயனர்கள் லாகின் செய்கிறார்கள், ஆனால் வெப் பக்கமும் எல்டேப் ஆப்களும் படுத்துவிட்டன

சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? கிளையன்டில் லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி சேவையின் ஐபிஏ முறை, டைரக்டரியோடு பேசச் சான்றிதழால் இயங்கும் டிஎல்எஸ் குறியாக்கத்தை நம்பியிருப்பதில்லை. கெர்பரோஸ் டிக்கெட்டை வைத்து 389-ஆம் போர்ட்டில் பாதுகாப்பாகப் பேசிக்கொள்கிறது. அதனால் எஸ்எஸ்எச் லாகினும் சூடோவும் பழையபடி நடக்கும். டிஎல்எஸ் தேவைப்படும் வெப் பக்கம், ஐபிஏ கட்டளை, புதுக் கணினி சேர்த்தல், 636-ஆம் போர்ட் வழியாகப் பேசும் வெளி ஆப்கள் எல்லாம் மட்டும் நிற்கும். காலாவதி நடந்து பல நாட்கள் ஆன பிறகும் யாரும் கவனிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

உறுதிசெய்ய கெட்செர்ட் லிஸ்ட் ஓட்டுபவர்கள் ஏமாந்துபோவார்கள். சிஏ இல்லாத சர்வரில் அப்பாச்சி, டைரக்டரி சான்றிதழ்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. அதிகபட்சம் கேடிசியின் தற்கையொப்பச் சான்றிதழ் ஒன்றுதான் தெரியும். ஒழுங்காக இருக்கிறது என்று அது சொல்வது அந்த ஒன்றைப் பற்றி மட்டும். எச்டிடிபிடி.சிஆர்டி கோப்பை ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 கட்டளையில் எண்ட்டேட் விருப்பத்தோடு நேரடியாகப் பாருங்கள்.

டாக்டேக் உள்ள சர்வர்களை மீட்கக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் வித்தையைப் பலர் சொல்வார்கள். இங்கே அதற்கு அவசியமில்லை. புதிய சான்றிதழை வெளியே இருந்துதான் வாங்குகிறீர்கள், சர்வரின் கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கெர்பரோஸ் வேறு நேரத்தை நம்பி இருப்பதால், கடிகாரத்தைத் தொட்டால் இதுவரை ஓடிக்கொண்டிருந்த லாகினும் நின்றுவிடும்.

புதுப்பிக்கும் முறை இதுதான். புதிய சான்றிதழ் அதே சிஏ சங்கிலியிலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். வழங்கியவர் பெயரை மட்டும் பார்க்காமல், இடைநிலைச் சிஏ மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறவில்லையென்றால் வேலை சுலபம். ஐபிஏ-சர்வர்-செர்ட்இன்ஸ்டால் கட்டளையில் டபிள்யூ, டி என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்து, சான்றிதழையும் சாவியையும் கொடுங்கள். டைரக்டரி மேனேஜர் பாஸ்வேர்டைக் கேட்கும். முடிந்ததும் ஐபிஏசிடிஎல் ரீஸ்டார்ட். இந்தக் கட்டளைக்கு டைரக்டரி சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காலாவதியான சான்றிதழோடும் அது இயல்பாக எழும், லாகில் ஓர் எச்சரிக்கை எழுதுவதோடு சரி. யாராவது என்எஸ்எஸ்எல்ஏபிடி-வாலிடேட்-செர்ட் அமைப்பை ஆன் என்று மாற்றி வைத்திருந்தால் மட்டும் எழ மறுக்கும்.

4.7-க்கு முந்தைய பதிப்புகளில் அப்பாச்சி மாட்_என்எஸ்எஸ் வழியாக ஓடியது. காலாவதியான சான்றிதழோடு அது எழுவதே இல்லை. அங்கே என்எஸ்எஸ்என்ஃபோர்ஸ்வாலிட்செர்ட்ஸ் என்ற வரியைத் தற்காலிகமாக ஆஃப் செய்து எழுப்பி, புதுச் சான்றிதழைப் போட்டதும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

சான்றிதழ்க் கோப்பின்மேல் புதிய கோப்பைக் கையால் நகலெடுத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சாவியும் அதன் பாஸ்வேர்டுக் கோப்பும் டைரக்டரியின் என்எஸ்எஸ் தரவுத்தளமும் ஒன்றோடொன்று பொருந்தி இருக்க வேண்டும். கட்டளை அந்தப் பொருத்தத்தைப் பார்த்துக்கொள்கிறது. அவசரத்தில் நாம் பார்த்துக்கொள்வதில்லை.

அறிகுறி: வழங்கியவரை நம்ப முடியாது என்று சொல்லிப் புதிய சான்றிதழை ஏற்க மறுக்கிறது

சிஏ சங்கிலி மாறியிருக்கிறது. செர்ட்இன்ஸ்டால் கட்டளையே தீர்வையும் சொல்லும்: ஐபிஏ-சிஏசெர்ட்-மேனேஜ் இன்ஸ்டால், பிறகு ஐபிஏ-செர்ட்அப்டேட்.

இந்த வரிசையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. முதலில் புதிய வேரை எல்டேப்பில் சேர்க்க வேண்டும், வேருக்குப் பிறகு இடைநிலை. இடைநிலையை முதலில் சேர்க்கப் போனால், அதை வழங்கியவர் யார் என்று தெரியாமல் கட்டளை மறுக்கும். பிறகு எல்லா ஐபிஏ சர்வர்களிலும் செர்ட்அப்டேட். பிறகு எல்லாக் கிளையன்ட்களிலும் செர்ட்அப்டேட். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சர்வர் சான்றிதழை மாற்ற வேண்டும். பழைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாக இருக்கும்போதே நம்பிக்கையைப் பரப்பிவிட வேண்டும், அதுதான் சூட்சுமம்.

அறிகுறி: சர்வர் சான்றிதழை மாற்றியதும் எல்லாக் கிளையன்ட்களும் அறுந்துபோயின, செர்ட்அப்டேட்டும் ஓடவில்லை

மேலே சொன்ன வரிசை தலைகீழாக நடந்திருக்கிறது. செர்ட்அப்டேட் கட்டளை தானும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் சர்வரோடு பேசுகிறது. சர்வர் புதிய சிஏவின் சான்றிதழைக் காட்டுகிறது. கிளையன்டுக்குப் பழைய சிஏ மட்டுமே தெரியும். புதிய சிஏவை வாங்கி வரப்போன கட்டளை, புதிய சிஏவைத் தெரியாத காரணத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

பழைய சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லை என்றால் மிகவும் அமைதியான வழி, அதையே செர்ட்இன்ஸ்டால் மூலம் திரும்பப் போடுவது. எல்லாக் கிளையன்ட்களிலும் செர்ட்அப்டேட் ஓட்டிவிட்டு, பிறகு புதியதற்கு மாறுங்கள். எந்தக் கிளையன்டின் கோப்பையும் கையால் திருத்த வேண்டியதில்லை.

காலாவதியாகிவிட்டால் ஒவ்வொரு கிளையன்டுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். புதிய வேரையும் இடைநிலையையும் பெம் வடிவில் /எட்சி/ஐபிஏ/சிஏ.சிஆர்டி கோப்பின் கடைசியில் ஒட்டுங்கள். பழையதை அழிக்காதீர்கள். பிறகு செர்ட்அப்டேட் ஓட்டினால், ஒட்டிய சான்றிதழின் துணையோடு சர்வரை அடைந்து, மற்ற இடங்களிலும் சரியான பட்டியலை அதுவே நிரப்பிவிடும். எஸ்எஸ்எச் லாகின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இங்கே கைகொடுக்கும். அன்சிபிள் போன்ற ஒன்றை வைத்து எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். கோப்பை அனுப்புமுன் அதன் விரலடையாளத்தைச் சிஏ வைத்திருப்பவரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் எல்லாக் கணினிகளும் எதை நம்ப வேண்டும் என்று முடிவுசெய்யும் கோப்பு அது.

பழைய சிஏவை உடனே நீக்க அவசரப்பட வேண்டாம். ஆனால் காலாவதியான பிறகு விட்டுவைக்கவும் வேண்டாம். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 காலாவதியானபோது, புதிய ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கையிலிருந்தும் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 ஓடிய கணினிகள் காலாவதியான பாதையிலேயே போய் முட்டிக்கொண்டன. ஐபிஏ-சிஏசெர்ட்-மேனேஜ் கட்டளையின் டிலீட் இதற்குத்தான். புதிய பதிப்புகளில் காலாவதியானவற்றை மொத்தமாகக் களையும் ப்ரூன் விருப்பமும் உண்டு. நீக்கிய பிறகும் செர்ட்அப்டேட் ஓட்ட வேண்டும்.

அறிகுறி: டைரக்டரி சர்வரின் எர்ரர்ஸ் லாகில் எதிர்ம எண்கள்

/வார்/லாக்/டிர்எஸ்ஆர்வி அடைவுக்குள் இருக்கும் அந்த லாகில் என்எஸ்எஸ் தரும் எண்களே நோயின் பெயர்கள். -8181 என்றால் காலாவதி. -8179 என்றால் வழங்கியவரைத் தெரியவில்லை, அதாவது தரவுத்தளத்தில் சிஏ சான்றிதழ் இல்லை. -8172 என்றால் வழங்கியவர் இருக்கிறார், ஆனால் அவருக்கு நம்பிக்கைக் கொடி போடப்படவில்லை. இந்தக் கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு. முதலாவதற்குச் சான்றிதழைச் சேர்க்க வேண்டும், இரண்டாவதற்கு, என்எஸ்எஸ் தரவுத்தளத்தைக் கையாளும் செர்ட்யூடில் -எல் கட்டளையில் கொடிகளைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

-8174 வந்து, சான்றிதழையே காணவில்லை என்று லாக் சொன்னால், யாரோ செர்ட்யூடில் கொண்டு கையால் சான்றிதழை மாற்றியிருக்கிறார்கள். தரவுத்தளத்தில் அதன் புனைபெயர் ஒன்றாகவும், டைரக்டரியின் என்எஸ்எஸ்எஸ்எல்பெர்சனாலிட்டிஎஸ்எஸ்எல் அமைப்பில் எழுதியிருக்கும் பெயர் வேறாகவும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

அறிகுறி: கேஇனிட் வேலை செய்கிறது, வெப் பக்கத்தில் பாஸ்வேர்ட் கொடுத்தால் மட்டும் காரணம் தெரியாத தோல்வி

மிகவும் மறைவான பிழை இது. முனையத்தில் பாஸ்வேர்ட் கொடுத்துக் கெர்பரோஸ் டிக்கெட் வாங்கும் கேஇனிட் கட்டளை ஓடுகிறது. பாஸ்வேர்ட் சரி, சான்றிதழ் புதிது, சேவைகள் எல்லாம் ஓடுகின்றன, ஆனாலும் வெப் பக்கம் உள்ளே விடாது.

2017-இல் வந்த 4.5 பதிப்பு முதல், வெப் பக்கத்தில் தட்டும் பாஸ்வேர்டைக் கேடிசிக்கு அனுப்புமுன் அதைப் பாதுகாக்க ஒரு கவச டிக்கெட் வாங்கப்படுகிறது. அது பெயரற்ற பிகேஇனிட் வழியாக வருகிறது, ஆகவே கேடிசிக்குச் சான்றிதழ் வேண்டும். நோ-பிகேஇனிட் என்று நிறுவியிருந்தாலும் இந்த உள்வேலைக்காகவே ஒரு தற்கையொப்பச் சான்றிதழை ஐபிஏ கேடிசி.சிஆர்டி கோப்பில் வைத்திருக்கிறது. அது காணாமல் போனாலோ, காலாவதியானாலோ, அதைப் படிக்கும் அனுமதி கெட்டாலோ வெப் லாகின் நின்றுவிடும். முனையத்தில் ஓட்டும் கேஇனிட்டுக்கு அந்தக் கவசம் தேவையில்லை என்பதால் அது ஓடும்.

அப்பாச்சியின் எர்ரர்_லாகில் கேஇனிட் -என் என்று தொடங்கும் வரி தோல்வியடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே கட்டளையை நீங்களே ஓட்டுங்கள். எக்ஸ்509_ஆங்கர்ஸ் விருப்பத்தில் கேடிசி.சிஆர்டி கோப்பைக் கொடுக்க வேண்டும். முன்-அங்கீகாரம் தோல்வி என்று வந்தால் சந்தேகம் உறுதி. கோப்பின் அனுமதி 0644 ஆக இருக்க வேண்டும். காலாவதி என்றால், இந்த ஒரு சான்றிதழைச் செர்ட்மாங்கர் கண்காணிக்கிறது, ஆகவே கெட்செர்ட் ரீசப்மிட் மூலம் புதுப்பித்து கேஆர்பி5கேடிசி சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். செர்ட்மாங்கர் சேவையே நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிஏ இல்லாத சர்வரில் இதற்கு என்ன வேலை என்று நினைத்து அதை நிறுத்திவைப்பவர்கள் பின்னால் இந்தப் பிழையைத்தான் சந்திப்பார்கள்.

ஐபிஏ-பிகேஇனிட்-மேனேஜ் எனேபிள் ஓட்டிச் சரிசெய்ய முயன்றால், சிஏ இல்லாத நிறுவலில் முடியாது என்று அது மறுக்கும். முழு பிகேஇனிட் வேண்டுமென்றால் உள் சிஏவிடமிருந்து தகுந்த சான்றிதழைப் பெற்று, செர்ட்இன்ஸ்டால் கட்டளையின் கே விருப்பத்தில் கொடுக்க வேண்டும். ஸ்மார்ட் கார்டு லாகினுக்கு அந்தச் சிஏவைச் சேர்க்கும்போது சிடி,சி,சி என்ற கொடிகளோடு சேருங்கள். இயல்பான கொடி சர்வர் சான்றிதழ்களுக்கு மட்டுமே நம்பிக்கை தரும்.

அறிகுறி: ரெப்ளிகா (கூடுதல் ஐபிஏ சர்வர்) நிறுவ முடியவில்லை

சிஏ இல்லை, ஆகவே சான்றிதழ் வழங்க முடியாது என்று நிறுவி சொல்லும். முதல் சர்வருக்குச் செய்ததையே இங்கும் செய்ய வேண்டும்: எச்டிடிபி, டிர்எஸ்ஆர்வி சான்றிதழ்களை ரெப்ளிகாவின் சொந்தப் பெயரில் வாங்கி, நிறுவும்போதே கொடுங்கள். முதல் சர்வரின் சான்றிதழை நகலெடுத்தால் பெயர் பொருந்தாது.

அறிகுறி: சிஏ அமைக்கப்படவில்லை என்று கட்டளைகள் மறுக்கின்றன

செர்ட்-ரிக்வெஸ்ட், ஐபிஏ-கெட்செர்ட் போன்றவை இங்கே ஓடாது. பாஸ்வேர்டுப் பெட்டகத்துக்கான கேஆர்ஏவையும் நிறுவ முடியாது, அது டாக்டேக் சிஏவின் மேல்தான் உட்கார்கிறது. இது பிழை அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பின் எல்லை. வேறு சிஏ வழங்கிய சான்றிதழ்களைப் பயனர் கணக்கிலோ ஹோஸ்ட் கணக்கிலோ சேர்த்துவைப்பது மட்டும் வழக்கம்போல நடக்கும்.

இந்த எல்லை அடிக்கடி இடிக்கிறது என்றால் ஐபிஏ-சிஏ-இன்ஸ்டால் கட்டளையால் பின்னாளிலும் டாக்டேக்கைச் சேர்க்கலாம். எக்ஸ்டர்னல்-சிஏ விருப்பத்தோடு ஓட்டினால், நிறுவனத்தின் வேர்ச் சிஏவுக்குக் கீழே ஒரு துணைச் சிஏவாக அது அமையும். பாதுகாப்புக் குழுவிடம் பேசும்போது இந்த வழியைச் சொல்லிப் பாருங்கள். தனியாக ஒரு வேர் என்றால் மறுப்பவர்கள், துணைச் சிஏவுக்கு இசைவது உண்டு. சேர்த்த பிறகு எல்லாக் கணினிகளிலும் செர்ட்அப்டேட் ஓட்டுங்கள். அப்பாச்சியும் டைரக்டரி சர்வரும் அப்போதும் பழைய வெளிச் சான்றிதழோடுதான் ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க

பொதுச் சிஏவின் சான்றிதழை வைத்து ஐபிஏ ஓட்டுபவர்கள் இனிமேல் கையால் புதுப்பிப்பதை நம்பி இருக்க முடியாது. சிஏக்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாட்களிலிருந்து படிப்படியாகச் சுருங்குகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. இந்த வேகத்தில் இடைநிலைச் சிஏ மாறும் ஒவ்வொரு முறையும் வேரைச் சேர், பரப்பு, பிறகு மாற்று என்ற வரிசையைக் கையால் செய்ய யாராலும் முடியாது. என் கருத்தில், வெளியாட்கள் தொடாத அடையாள சர்வருக்கு நிறுவனத்தின் உள் சிஏவே சரியான இடம். ஆயுளை நீங்கள் தீர்மானிக்கலாம், சங்கிலி எப்போது மாறும் என்பது முன்பே தெரியும், கேடிசிக்கும் சான்றிதழ் கிடைக்கும்.

பொதுச் சிஏதான் என்றால் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட், சான்றிதழை வாங்கியதும் நேரே செர்ட்இன்ஸ்டாலுக்குப் போகக் கூடாது. புதிய சங்கிலியில் உள்ள ஒவ்வொரு சிஏவும் எல்டேப்பில் இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நின்று உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தச் சிஏ பயன்படுத்தக்கூடிய இடைநிலைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்துப் பரப்பி வைத்துவிட்டால் அப்படி நிற்க வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது.

கண்காணிப்பு சர்வரில் 443, 636 இரண்டு போர்ட்களுக்கும் தனித்தனி எச்சரிக்கை வையுங்கள். ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் வையுங்கள். பகிர்ந்த பெயர் ஒன்றை மட்டும் சோதித்தால், எந்த ரெப்ளிகா பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் காட்டும். கேடிசி.சிஆர்டி எந்த டிஎல்எஸ் போர்ட்டிலும் தெரியாது, அதை அந்தந்த சர்வருக்குள் ஓடும் ஒரு சிறு கிரான் வேலை கோப்பிலிருந்தே படித்துச் சொல்ல வேண்டும்.